கடைசியில் வரும் சாட்சி

போன கிழமை உங்களில் நாலு பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தீர்கள். நாலு பேரும் வழக்குத் தயார்செய்கிற புறக்டர்மாரின் கந்தோர்களில் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர்மார். தொழிலைப் பற்றி ஏதாவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வந்ததிலிருந்து போகும்வரை கதையெல்லாம் புதுக் கொட்டகையில் ஓடுகிற, நீதிமன்ற வழக்கைக் காட்டும் கோட்டுப் படத்தைப் பற்றித்தான். ஒருவர் அதை மூன்று தரம் பார்த்தாராம். இன்னொருவர், "அண்ணே, நம்மட தொழில் இவ்வளவு ருசியான தொழில் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது" என்றார். படத்தில் வாதாடுகிற அப்புக்காத்து விரலை உயர்த்திக் கேட்கும் கேள்வியை எழும்பி நின்று நடித்தும் காட்டினார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் சிரித்தேன்.

போகும்போது, உங்கள் கூட்டத்துக்கு வந்து என் அனுபவங்களைப் பேசச் சொன்னீர்கள். எனக்குப் பத்துப் பேருக்கு முன்னால் பேச வராது. நாலு பேருக்கு முன்னாலும் வராது என்பதை அன்றைக்கே கண்டிருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். பல அனுபவங்களை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒன்றைத் தவிர மற்றவை எழுதத் தகுந்தவையாகத் தெரியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு இங்கிலீசுப் பள்ளியை விட்டவன். இருபத்திரண்டு வருடம் ஒரே புறக்டரிடம் கிளாக்கராக இருந்தேன். அவர் பெயரை எழுதவில்லை. நான் கூப்பிட்டபடி ஐயா என்றே எழுதுகிறேன். போன ஆடியில் அவர் காலமானார். கந்தோரைப் பூட்டினார்கள். வேறிடம் போய் வேலை செய்கிற வயது எனக்கு இருக்கிறது. மனம் இல்லை. அவர் இருந்தவரைக்கும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான் சேர்ந்த முதல் கிழமையிலேயே ஐயா சொன்னார்: "தம்பி, சட்டம் என்ட வேலை. உன்ட வேலை வேற. சாட்சிக்காரன் சொன்னதை, சொன்ன அண்டைக்கே, சொன்னபடியே என்ட மேசைக்குக் கொண்டு வா. அதில நீ உப்புப் போடவும் வேண்டாம், புளி விடவும் வேண்டாம்." இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு தரம்தான் அதை மீறினேன்.

வழக்குப் பார்க்கிற ருசி நம் சனங்களுக்குப் படத்தால் வந்ததல்ல. படம் வருவதற்கு முன்பே அது இருந்தது. கொலை வழக்குகளை விசாரிக்கிற பெரிய கோடு மட்டக்களப்புக்கு வந்து கூடுகிற நாட்களில், செட்டிபாளையத்திலிருந்து கட்டுச்சோற்றோடு நடந்து வருகிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அங்கே ஒரு வழக்கும் இராது. சொந்த வழக்குக்கு வந்தவன் வெளியே மரத்தடியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பான். சன்னல் கம்பியில் தொங்குகிறவர்கள் எல்லோரும் வழக்கு இல்லாதவர்கள். "ஆள் தப்பாது கா!" என்று ஒருவன் சொல்வான். "பொறு மச்சான், அப்புக்காத்து இன்னும் வாய் திறக்கல்ல" என்பான் மற்றவன். எனக்கும் அது பிடிக்கும். கூச்சக்காரனுக்கு அதைப்போலப் பிடித்த இடம் வேறு இல்லை. மற்றவர்கள் எழும்பி நிற்பார்கள், மற்றவர்கள் பேசுவார்கள், உலகம் முழுவதும் அவர்களைப் பார்க்கும். நான் ஒரு மூலையில் கடதாசிக் கட்டோடு இருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம்.

உலக யுத்தத்துக்கு இரண்டொரு வருடம் முன்பு கல்லடிப் பக்க வெளியில் ஒரு படக்காரன் கூடாரம் அடித்தான். அவன் கொண்டு வந்தவற்றில் ஒன்று இங்கிலீசில் பேசுகிற கோட்டுப் படம். இங்கிலீசு விளங்காத சனத்துக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒரு மனுசன் நின்று தமிழில் கத்திக் கதை சொல்வான். கொலை செய்யாத ஒருவனைக் குற்றவாளிக் கூட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அவன் குற்றமற்றவன் என்பதைக் கண்ட ஆள் ஒருவன்தான், ஒரு வண்டிக்காரன். அப்புக்காத்து அவனைப் பற்றிக் கடைசிவரை வாயே திறக்கமாட்டார். மற்றப் பக்கத்துச் சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து பொய் சொல்லிப் போவார்கள். நீதிபதி தீர்ப்பு எழுதப் பேனையைத் தொடும்போது அப்புக்காத்து எழும்பி ஒரு விரலைக் காட்டுவார். கோட்டின் பின் கதவு திறக்கும். வண்டிக்காரன் சனங்களுக்கு நடுவால் நடந்து வருவான். "வாறான்! சாட்சி வாறான்!" என்று கதை சொல்கிறவன் தொண்டை கிழியக் கத்துவான். பாயில் இருந்தவர்களும் வாங்கில் இருந்தவர்களும் ஒரேயடியாக எழும்பி விசில் அடிப்பார்கள்.

ஐந்து நாள் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஐந்து நாளும் எழும்பினேன். சனத்தோடு சனமாக எழும்பும்போது எனக்குக் கூச்சம் வரவில்லை. ஐந்தாம் நாள் வெளியே வரும்போது யாரோ முதுகில் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் ஆதம்பாவா காக்கா. வாவிக்கு மேற்கே, படுவான்கரைத் துறையொன்றில் தோணி விடுகிறவர். எங்கள் கந்தோர்ச் சோலியாக வாவியைக் கடக்கும்போதெல்லாம் அவருடைய தோணியில்தான் போவேன்.

"என்ன கிளாக்கர் தம்பி, கோட்டுக்குள்ளேயே கிடக்கிற உங்களுக்கும் கோட்டுப் படமா?"

"நீங்க எத்தனை தரம் காக்கா?"

"ரெண்டு. பொஞ்சாதிக்குத் தெரிஞ்சது ஒண்டு" என்றார்.

அதற்கு அடுத்த மாதம் படுவான்கரையில் ஒரு வயல் வட்டையில் கொலை நடந்தது. வயலுக்குப் போகிற தண்ணீரை மறித்ததால் வந்த சண்டை. மத்தியானம் சாய்ந்த நேரத்தில் வாய்க்கால் கட்டில் ஒருவர் மண்வெட்டி வெட்டோடு கிடந்தார். முதல் நாள் அவரோடு தண்ணீருக்காக வாய்த்தர்க்கப்பட்டவன் பத்தினியன் என்ற கமக்காரன். அவன் வெட்டியதைத் தூரத்தில் நின்று கண்டதாக இறந்தவரின் உறவுக்காரர் இரண்டு பேர் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் சொன்னார்கள். அதைக் கேட்டுப் பத்தினியன் பயந்துபோய் இரண்டு நாள் காட்டில் ஒளித்திருந்தான். மூன்றாம் நாள் எங்கள் கந்தோருக்கு வந்து ஐயாவின் காலடியில் குந்தினான். அவரே அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிசில் ஒப்படைக்க ஏற்பாடு செய்தார்.

முதலில் அவன் கதையைக் கேட்டு எழுதியவன் நான்.

"நான் அந்த நேரம் வாவிக்கு நடுவில நிண்டன் கிளாக்கர் ஐயா. பொஞ்சாதிக்குக் காய்ச்சல். தன் நினைவில்லாமப் பிசத்துறாள். பரிசாரியாரக் கூட்டி வருவம் எண்டு எழுவான்கரைக்குப் போன நான். அவர்ர வீடு பூட்டிக் கிடந்திச்சு. வெறுங்கையோட கிறுகி வரக்குள்ள, நடு வாவியில தோணிக்கம்பு முறிஞ்சு போச்சு."

"தோணியில வேற ஆரு?"

"நானும் ஆதம்பாவாவும்தான். வயல் வேலைக் காலம், ஆரு வரப் போறா?"

மனைவிக்கு நினைவில்லை. பரிசாரியார் வீட்டில் இல்லை. அவனைக் காப்பாற்ற உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வாய்.

மறுநாள் காலையிலேயே துறைக்குப் போனேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே ஆதம்பாவா காக்கா குடிலுக்குப் பின்னால் போய் முறிந்த கம்பைத் தூக்கி வந்தார். நீளமான கம்பு. நடுவில் நார் நாராகப் பிளந்து கிடந்தது.

"இந்தா, பாருங்க. நட்ட நடு வாவியில படார் எண்டு போச்சு. காத்து எங்கள வடக்க இழுத்துக்கொண்டு போகுது. அவனும் நானும் இருக்கிற பலகையக் கழட்டி வலிச்சு வலிச்சுக் கரை சேரப் பின்னேர அசர் தொழுகை நேரமாப் போச்சு. பகல் தொழுகை தப்பிப் போச்சு தம்பி. பத்து வருசத்தில எனக்குத் தப்பினது அந்த ஒரு நாள்தான். மறக்க ஏலுமா?" பிறகு கம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் எங்க வந்து சொல்ல வேணும்? இப்பவே வாறன்" என்றார்.

அந்த இடத்தில் நான் "வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் என் வேலை. அவரை அந்தக் கம்போடு கூட்டிக்கொண்டு போய் ஐயாவின் மேசைக்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் அந்தக் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய கோட்டில் நீதிபதிக்கு முன்னால், குற்றவாளியா இல்லையா என்று சொல்கிற யூரிமாருக்கு முன்னால், சன்னலில் தொங்குகிற அத்தனை கண்களுக்கும் முன்னால் இந்தக் கம்பு தூக்கிக் காட்டப்படுவதை நான் கண்டேன். பின் கதவால் ஆதம்பாவா காக்கா வருகிறார். பொய்ச் சாட்சி சொன்ன இரண்டு பேரும் முகம் வெளிறி எழும்புகிறார்கள். அவரைக் கண்டுபிடித்து, மறைத்து வைத்து, உரிய நேரத்தில் கொண்டு வந்தவன் மூலையில் இருக்கிற இந்தக் கிளாக்கர் என்பது ஐயாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்தேன்.

"இப்ப வேண்டாம் காக்கா" என்றேன். "இப்ப சொன்னா அந்தப் பக்கத்தார் உங்களிட்ட வருவாங்க, வெருட்டுவாங்க. பெரிய கோட்டில சொல்லுவம். அதுவரைக்கும் ஒருத்தரிட்டயும் மூச்சு விடாதீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பல் தெரியச் சிரித்தார். "ஆ! படத்தில வாற மாதிரியா?"

நானும் சிரித்தேன்.

"அப்ப எனக்கு ஒரு புதுச் சட்டை தைக்க வேணும்" என்றார்.

கந்தோருக்கு வந்து ஐயாவிடம் பொய் சொன்னேன். தோணிக்காரர் துறையில் இல்லை, ஓட்டமாவடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம், எப்போது வருவாரென்று தெரியாதாம் என்றேன்.

ஐயா கவலைப்பட்டார். "அப்ப பத்தினியனையாவது நீதவானிட்ட அதைச் சொல்ல வைக்க வேணும். வாவியில நிண்டன் எண்டுறவன் அதை முதல் நாளே சொல்ல வேணும்."

"சொன்னா அந்தப் பக்கம் முந்திப் போய்த் தோணிக்காரரைத் திருப்பிப் போடும் ஐயா. நான் ஆளைத் தேடிப் பிடிக்கிறன். அதுவரைக்கும் பொறுப்பம்."

அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. சாட்சியைக் கலைக்கிற ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள். நான் அதுவரை அவரிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அதனால் நம்பினார். "சரி" என்றார்.

நீதவான் கோட்டில் முதல் விசாரணை நடந்தது. சாட்சிகள் சொல்லி முடித்ததும் நீதவான் துபாசி முதலியார் மூலம் பத்தினியனிடம் கேட்டார்: "நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

"நான் குற்றவாளி இல்ல துரை."

"வேறு ஏதாவது?"

பத்தினியன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த நீதவான் நல்ல மனுசன். எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"வேற ஒண்டும் இல்ல துரை" என்றான் அவன்.

தம்பிமாரே, இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். கோட்டுப் படம் ஏன் இப்படி ருசிக்கிறது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். படத்தில் கொலை நடந்ததை நாம் முதலிலேயே பார்த்துவிடுகிறோம். யார் செய்தான், யார் செய்யவில்லை என்பது கொட்டகையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர் அந்த நீதிபதி ஒருவர்தான். அவருக்கு எப்போது தெரியவரும் என்று நாம் காத்திருக்கிறோம். முடிவு கையில் இருக்கிறபடியால் அந்தக் காத்திருப்பு இனிக்கிறது. நம் கோட்டில் இருக்கிற ஏழு யூரிமார் ஒன்றையும் பார்த்தவர்கள் அல்ல. அவர்களுக்கு முன்னால் கடைசியில் வருகிற சாட்சி கடைசியில் சோடித்த சாட்சி. அவன் பிந்தி வந்த ஒவ்வொரு நாளும் அவன் சொல்லின் கனத்தைக் குறைக்கிறது. இது எனக்குத் தெரியாததா? பன்னிரண்டு வருடம் அந்த மூலையில் இருந்து பார்த்தவன். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

இரண்டு கிழமை கழித்துத் தோணிக்காரரைக் கண்டுபிடித்துவிட்டதாக ஐயாவிடம் சொல்லி, அவருடைய வாக்குமூலத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் பெரிய கோடு கூடியது.

பத்தினியன் சாட்சிக் கூட்டில் ஏறி, தான் வாவியில் நின்றதைச் சொன்னான். இதை நீதவானிடம் ஏன் சொல்லவில்லை, இரண்டு தரம் கேட்டாரே என்று அரசாங்க அப்புக்காத்து கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு ஆதம்பாவா காக்காவைக் கூப்பிட்டார்கள். பின் கதவால்தான் வந்தார். சனம் விலகி வழி விட்டது. வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. கையில் அந்தக் கம்பு. குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் செய்தார். எங்கள் அப்புக்காத்து கேட்டதற்கெல்லாம் ஒரு சொல் பிசகாமல் உண்மையைச் சொன்னார். சன்னலில் நின்றவர்கள் கம்பிக்குள் முகத்தைத் திணித்தார்கள். எனக்குப் புல்லரித்தது.

பிறகு அரசாங்க அப்புக்காத்து எழும்பினார். சத்தம் போடவில்லை. படத்தில் வருகிறவர்கள் போடுகிற சத்தத்தில் கால்பங்கும் இல்லை.

"கம்பு முறிந்ததை யாரிடம் சொன்னாய்?"

"கம்பு முறிஞ்சா ஆரிட்ட துரை சொல்றது? கம்பு எண்டா முறியும்தானே."

கோடு சிரித்தது. அவரும் சிரித்தார்.

"சட்டை புதிதா?"

"ஓம் துரை."

"இந்த வழக்குக்காகத் தைத்ததா?"

"ஓம் துரை."

மறுபடி சிரிப்பு. யூரிமாரில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீதவான் விசாரணை நடந்த நாட்களில் எங்கே இருந்தாய்?"

"துறையிலதான் துரை. வேற எங்க போறது?"

எனக்கு முன் வரிசையில் இருந்த ஐயா திரும்பினார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் கடதாசிகளுக்குத் திரும்பிக்கொண்டார்.

"உனக்குத் தெரிந்த ஒருவன் கொலை வழக்கில் மறியலில் கிடக்கிறான். அவனைக் காப்பாற்ற உன்னால் முடியும். மூன்றரை மாதமாக நீ விதானையாரிடம் சொல்லவில்லை, பொலிசில் சொல்லவில்லை, நீதவானிடம் சொல்லவில்லை. பேசாமல் இருக்கும்படி உன்னிடம் சொன்னது யார்?"

ஆதம்பாவா காக்கா என்னைப் பார்த்தார். அவ்வளவு சனத்துக்குள்ளும் நேராக என்னைத்தான் பார்த்தார்.

என் கையில் எப்போதும் போலப் பென்சிலும் துண்டுக் கடதாசியும் இருந்தன. அப்புக்காத்துக்கு ஏதாவது அறிவிக்க வேண்டுமென்றால் அதில் எழுதி ஐயாவிடம் நீட்டுவது என் வேலை. நான் எழுதினேன். 'இவரைப் பேச வேண்டாம் என்று தடுத்தவன் நான். என்னைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள்.' இரண்டே வரி. எழுதும்போதே எனக்குத் தெரிந்தது, அந்த வழக்கின் உண்மையான கடைசிச் சாட்சி நான்தான் என்று. நான் எழும்பிப் போய்க் கூட்டில் ஏறி நடந்ததைச் சொன்னால் மூன்றரை மாத மௌனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். தோணிக்காரர் உண்மையானவர் ஆகிவிடுவார். பத்தினியன் வீட்டுக்குப் போவான்.

அதற்கு நான் எழும்ப வேண்டும். இருபது அடி நடக்க வேண்டும். சன்னலில் தொங்குகிற அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். சட்டையைப் பற்றிச் சிரித்தது போல என்னைப் பற்றியும் சிரிப்பார்கள். 'படத்தைப் பார்த்துவிட்டா அப்படிச் செய்தாய்?' என்று அவர் கேட்பார். நான் ஓம் என்று சொல்ல வேண்டும்.

"ஒருத்தரும் சொல்லல்ல துரை" என்றார் ஆதம்பாவா காக்கா. "ஒருத்தரும் கேக்கவும் இல்ல."

நான் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

யூரிமார் உள்ளே போய் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிட்டார்கள். திடீர்ச் சண்டையில் நடந்ததென்று தூக்கு இல்லை, பன்னிரண்டு வருடக் கடூழியச் சிறை. தீர்ப்பைத் தமிழில் சொன்னபோது பத்தினியன் அதைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. "அப்ப நான் எப்ப போறது?" என்று பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனிடம் கேட்டான். யார்தான் வெட்டினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வாவிக்கரையில் ஆதம்பாவா காக்கா தோணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"தம்பி, குர்ஆனில கை வச்சு ஒரு பொய் சொல்லிற்றன்" என்றார். "உங்கட பேர் வரப்படாது எண்டு சொன்ன நான். மத்தது எல்லாம் உண்மை. அந்த ஒண்டுதான் பொய்." தோணியைத் தள்ளி ஏறினார். "நீங்க எழும்புவீங்க எண்டு பாத்த நான்."

ஐயா என்னை ஒன்றும் கேட்கவில்லை. வேலையிலிருந்தும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சாட்சியையும் பார்க்க என்னை அனுப்பவில்லை. வெயிலென்றாலும் மழையென்றாலும் குடையைப் பிடித்துக்கொண்டு தானே தோணியேறிப் போவார். நான் கந்தோரில் இருந்து பிரதி எழுதினேன். அப்படிப் பத்து வருடம். பத்தினியனுக்காகக் கவர்னருக்கு ஒரு கருணை மனு போட்டார். அதையும் நான்தான் நல்ல கையெழுத்தில் எழுதினேன். மூன்று பக்கம். தீர்ப்பை மாற்றக்கூடிய ஒரு வரி அதில் இல்லை. ஐயா அதை வாசித்துவிட்டு, கையெழுத்து வைக்காமல் சிறிது நேரம் பேனையைப் பிடித்தபடி இருந்தார். நான் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கையெழுத்து வைத்தார். மனு தள்ளுபடியாகி வந்தது.

யுத்தம் தொடங்கிய பிறகு அந்தப் படக்காரன் மறுபடி வந்தான். அதே படம். போகக்கூடாது என்று நினைத்தேன். போனேன். திரையைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனையைத் தொடுகிற இடம் வந்தது. விரல் உயர்ந்தது. கதை சொல்கிறவன் கத்தினான். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழும்பினார். அவரோடு நானும் எழும்பி நின்றேன். என் நெஞ்சு முன்போலவே அடித்தது. எனக்கு அப்போதுதான் என்னைப் பற்றிப் பயம் வந்தது. நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நிற்கமாட்டீர்கள். மறுநாள் காலையில் ஒரு கமக்காரன் கந்தோரின் வாசலில் வந்து குந்தும்போது அந்தப் படம் உங்களுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதை மட்டும்தான் சொல்கிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு நாலாவது வருடத்தில் ஒரு காலை, பத்தினியனின் மனைவி தங்கப்பிள்ளை கந்தோருக்கு வந்தாள். ஐயா கோட்டுக்குப் போயிருந்தார். அவள் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இங்கிலீசில வந்திருக்கு கிளாக்கர் ஐயா. விதானையாரிட்டக் குடுக்க மனமில்ல. நீங்கதான் எங்களுக்காக ஓடித் திரிஞ்ச நீங்க. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

சிறைச்சாலைக் கடிதம். நாலே வரி. வயிற்றோட்டத்தால் ஆள் இறந்துவிட்டான், அடக்கமும் செய்தாயிற்று என்று இருந்தது. நான் சொன்னேன். அவள் அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். வெளியே மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்டு கேக்கட்டா ஐயா?"

"கேளு புள்ள."

"அண்டைக்கு எனக்கு நினைவில்ல. காய்ச்சல். அவர் வெளிக்கிட்டதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஊரில எல்லாரும் சொல்றாங்க, அந்தத் தோணிக்காரர் புதுச் சட்டைக்காகப் பொய் சொன்னவர் எண்டு. நான் நம்பல்ல. முதல்ல நம்பல்ல." அவள் குரல் இறங்கியது. "இப்ப ராவும் பகலும் அதுதான். ஆக்கினை பண்ணுது. அவர் செய்திருப்பாரோ எண்டு யோசிக்கிறன். உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க ஐயா. எனக்கு மருந்து எடுக்கத்தான் அக்கரைக்குப் போனவரா?"

"போனவர்" என்றேன். "சத்தியமாப் போனவர் புள்ள. அவர் செய்யல்ல. தோணிக்காரர் சொன்னது உண்மை."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்படி உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும் என்று அவள் கேட்டால் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். கடவுளறிய நினைத்தேன். அவள் கேட்கவில்லை. கடிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டு எழும்பினாள்.

"நீங்க நல்ல மனுசன் ஐயா. என்ட மனம் ஆறட்டும் எண்டு சொல்றீங்க" என்றாள்.

படியிறங்கி வெயிலில் நடந்து போனாள். நான் வாசல்வரைக்கும் போனேன். கூப்பிடவில்லை.

அவள் இன்னும் படுவான்கரையில்தான் இருக்கிறாள். யாருடைய வட்டையிலோ கதிர் பொறுக்குகிறாளாம். சொல்லாததை எல்லாம் இதில் எழுதிவிட்டேன். ஒன்றும் விடவில்லை. நீங்கள் வாசிப்பீர்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.